கேள்வியைத் தேடினால் களவு வருகிறது

தேடல் சர்வரில் தமிழ் ஏற்றுபவர்கள் அனுப்பிய கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். சிக்கல்கள் வேறு வேறு. ஆனால் எல்லாரும் கேட்பது "எந்த செட்டிங்கை மாற்றுவது?" என்றுதான். செட்டிங்கைத் தொடுவதற்கு முன்னால் எண்ணிப் பாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். எதை எண்ணுவது என்பது முதல் பதிலிலேயே இருக்கிறது.

மேடம், எங்கள் நூலகப் பட்டியலை ஆப்பாச்சி சோலர் என்ற தேடல் சர்வரில் ஏற்றியிருக்கிறோம். முன்பு இருந்தவர் போட்டுவிட்டுப் போன பழைய பதிப்பு, டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வருக்குள் ஓடுகிறது. எல்லாப் பதிவுகளையும் காட்டச் சொன்னால் தமிழ்த் தலைப்புகள் ஒழுங்காக வருகின்றன. 'தமிழ்' என்று தேடினால் மட்டும் பூஜ்யம். ஆங்கிலச் சொற்கள் கிடைக்கின்றன. டேட்டாபேஸின் என்கோடிங்கை, அதாவது குறியாக்கத்தை, மாற்ற வேண்டும் என்கிறார் நண்பர். மாற்றட்டுமா?

மாற்றாதீர்கள். தலைப்புகள் ஒழுங்காக வருகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சந்தேகம் முதலில் போகவேண்டிய இடம், உள்ளே இருக்கும் தரவு அல்ல, வெளியிலிருந்து போகும் தேடுசொல்.

'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு 3 எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடுக்கு அது 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை, மொத்தம் 128. அதில் எந்த எழுத்தை எடுத்தாலும், அந்த எண்ணைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஆக 'தமிழ்' 15 பைட். 3, 5, 15 என்ற இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது சோதனை. 'தமிழ்' என்று தேடிவிட்டு, சோலர் அனுப்பும் பதிலின் தலைப்பகுதியைப் பாருங்கள். எக்கோ பாராம்ஸ் என்ற விருப்பத்தைப் போட்டுத் தேடினால், தனக்கு வந்துசேர்ந்த தேடுசொல் என்ன என்பதை சோலர் அங்கே திருப்பிச் சொல்லும். அதில் 'தமிழ்' என்றே இருந்தால் சொல் நலமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தலைமேல் சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், நாலு மூலையிலும் கோடு நீட்டிய ஒரு சின்ன வட்டம் என்று தொடங்கி 15 குறிகள் நீளுமானால், யாரோ உங்கள் 15 பைட்டுகளை 15 தனித்தனி எழுத்துகளாகப் படித்திருக்கிறார்கள். 'த'வின் பைட்டுகள் 224, 174, 164. லத்தீன்-1 என்ற பழைய குறியாக்கத்தில் அந்த மூன்று எண்களுக்கும் உரியவை மேலே சொன்ன அந்த மூன்று உருவங்கள்தான்.

உங்களுக்கு வரப்போவது இந்த இரண்டாவது வகை என்றுதான் நினைக்கிறேன். டாம்கேட் 7 வரை, முகவரியில் வரும் பைட்டுகளை லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்வதுதான் அதன் இயல்பு. 8ஆம் பதிப்பில்தான் அது யூடிஎஃப்-8 ஆனது. சோலரும் 4.1 பதிப்பிலிருந்து இந்த வேலையை டாம்கேட்டிடம் விடாமல் தானே செய்கிறது. நீங்கள் அதற்கு முந்தைய பதிப்பில் இருந்தால், டாம்கேட்டின் சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, கனெக்டர் வரியில் யூஆர்ஐ என்கோடிங் என்ற பண்புக்கு யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுத்து, டாம்கேட்டை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். அந்தக் கோப்பில் கனெக்டர் இரண்டு இருக்கலாம். முன்னால் வேறொரு வெப் சர்வர் நின்று ஏஜேபி என்ற இணைப்பு முறை வழியாக டாம்கேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், நீங்கள் எச்டிடிபி கனெக்டரைத் திருத்துவதால் எந்தப் பயனும் இல்லை. கோரிக்கைகள் அந்த வழியாக வருவதே இல்லையே! இரண்டிலும் போட்டுவிடுங்கள்.

திருத்திய பிறகும் சரியாகவில்லை என்றால் லாக் கோப்பில் அந்தக் கோரிக்கையைத் தேடி எடுங்கள். பெர்சன்ட் குறியும் அதன்பின் இரண்டு பதினாறடிமான இலக்கமுமாக (0–9, A–F) 15 முறை வந்தால் சரி. %25 என்பது திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் இணையப் பக்கத்தின் நிரல் ஒரே சொல்லை இரண்டு முறை பொதிந்து அனுப்புகிறது, ஏனென்றால் பதினாறடிமானத்தில் 25 என்பது பெர்சன்ட் குறிக்கே உரிய எண். பெர்சன்ட்டை அடுத்து ஆங்கில யூ எழுத்து வந்தால், பக்கத்தை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய எஸ்கேப் என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தியிருக்கிறார். என்கோட் யூஆர்ஐ காம்பொனன்ட் என்பதற்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லவேண்டும். திரையில் ஒழுங்காகத் தெரிவதை வைத்துத் தரவு நல்லது என்று முழுதாக நம்பிவிட முடியாது. ஏற்றும்போது ஒரு தவறு, காட்டும்போது அதே தவறு தலைகீழாக என்று நடந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, திரையில் அழகான தமிழ் வரும். சோலரின் நிர்வாகப் பக்கத்தில் ஸ்கீமா பிரவுசருக்குப் போய், தலைப்புப் புலத்தில் உண்மையில் என்னென்ன சொற்கள் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். அங்கேயும் தமிழ் தமிழாகவே இருந்தால் நிம்மதி. சேமித்த பைட்டுகளைப் பார்க்க வழி இருந்தால், 224, 174 என்று தொடங்குவது நல்ல தமிழ். 195, 160, 194, 174 என்று தொடங்கினால் அது ஒருமுறை உடைந்து மறுபடி பொதியப்பட்ட தமிழ்.

அக்கா, ஒரு சின்ன ஜாவா நிரல் எழுதி, டேட்டாபேஸிலிருந்து தினமும் புதிய பதிவுகளை எடுத்து சர்வரில் ஏற்றுகிறேன். பகலில் நானே டெர்மினலில் ஓட்டினால் தமிழ் நன்றாகப் போகிறது. இரவில், குறித்த நேரத்தில் தானாக வேலைகளைத் தொடங்கும் கிரான் ஓட்டினால் எல்லாம் கேள்விக்குறி. அதே நிரல், அதே மெஷின். எங்கே தப்பு?

நிரலும் மெஷினும் ஒன்றுதான், சூழல் வேறு. நீங்கள் லாகின் செய்யும்போது லாங் என்ற சூழல் மாறியில் யூடிஎஃப்-8 என்று இருக்கும். கிரானுக்கு அது கிடைப்பதில்லை. மொழி எதுவும் சொல்லப்படாத வெறுமையில் ஓடும்போது, பழைய ஜாவா தன் இயல்பான குறியாக்கம், ஆங்கிலத்துக்கு மட்டுமான ஆஸ்கி என்று எடுத்துக்கொள்ளும். ஆஸ்கியில் தமிழுக்கு இடமே கிடையாது. இடமில்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் அது ஒரு கேள்விக்குறி போட்டுவிடும்.

இங்கேயும் எண்ணுங்கள். 'தமிழ்' இருந்த இடத்தில் 5 கேள்விக்குறிகள் இருந்தால், சரியாகப் படிக்கப்பட்ட சொல் எழுதப்படும்போது போயிருக்கிறது. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாக 15 வந்திருந்தால், படிக்கும்போதே போயிருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதுகிற பக்கத்தையே நாள்கணக்கில் நோண்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நிரலில் கெட் பைட்ஸ் என்று வரும் இடங்கள், கோப்பைத் திறக்கும் ரீடர், ரைட்டர் வரும் இடங்கள் எல்லாவற்றிலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறியுங்கள். அதுதான் நிரந்தரத் தீர்வு. நிரலைத் தொட முடியாவிட்டால், ஃபைல் என்கோடிங் என்ற அமைப்பை ஜாவாவைத் தொடங்கும் வரியிலேயே கொடுக்கலாம். 2022இல் வந்த ஜாவா 18 முதல், எந்தச் சூழலில் ஓடினாலும் இயல்பே யூடிஎஃப்-8தான். பதிப்பை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஆனாலும் நிரலில் எழுதிவைப்பதை விடாதீர்கள், நாளைக்கு இதை யார் எந்த மெஷினில் ஓட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஏற்கெனவே கேள்விக்குறியானவற்றை மீட்க முடியாது. அங்கே இருப்பது 63 என்ற ஒரே பைட். அது 'க'வாக இருந்ததா 'ழ'வாக இருந்ததா என்பதற்கான தடயமே இல்லை. மூல டேட்டாபேஸிலிருந்து மறுபடி ஏற்றுவதுதான் வழி. அதனால் இன்றிரவு கிரான் ஓடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் நிரல் எதையாவது டேட்டாபேஸில் திருப்பி எழுதுகிறதா? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஏற்றியாகிவிட்டது" என்று குறிப்பதற்காக முழுப் பதிவையும் திருப்பிச் சேமிக்கும் நிரல் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஒரே இரவில் மூலத்திலும் கேள்விக்குறிகள் உட்கார்ந்துவிட்டன. அதற்கு முந்தைய வாரத்துப் பேக்கப் இருந்ததால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. அந்த ஒரு வாரத்தில் புதிதாக உள்ளிட்டவை போனது போனதுதான். தட்டச்சு செய்தவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததை நான் மறக்கவில்லை.

எங்கள் தளத்தில் 'கேள்வி' என்று தேடினால் 'களவு' பற்றிய கட்டுரைகளும் வருகின்றன. 'கல்வி' தேடினால் 'கலவை' வருகிறது. எழுத்து எதுவும் உடையவில்லை, கேள்விக்குறியும் இல்லை. இது குறியாக்கச் சிக்கல்தானா?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். நீங்கள் கொடுத்த இரண்டு ஜோடிகளிலேயே விடை முழுதாக இருக்கிறது.

'கேள்வி'யைப் பிரித்தால்: க, ஏகாரக் குறி, ள, புள்ளி, வ, இகரக் குறி. இதில் குறிகளையும் புள்ளியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'களவ'. 'களவு'வில் உகரக் குறியை எடுத்தால் அதே 'களவ'. 'கல்வி'யும் 'கலவை'யும் இப்படியே 'கலவ' ஆகிவிடும். ஆக, உங்கள் சர்வரில் யாரோ ஒருவர் எல்லாச் சொற்களின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் உரித்துவிட்டு இன்டெக்ஸ் செய்கிறார், அதாவது தேடுவதற்கான சொற்பட்டியலில் சேர்க்கிறார்.

யார் என்று தேட வேண்டிய இடம், சொல்லைப் படிப்படியாகப் பதப்படுத்தும் பகுப்பாய்வு வரிசையில் இருக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள், அதாவது எழுத்து வடிவங்களைத் தேடி மாற்றும் விதிகள். "எழுத்தும் எண்ணும் தவிர மற்றதையெல்லாம் நீக்கு" என்று யாராவது நல்லெண்ணத்தில் ஒரு வரி எழுதியிருப்பார். காற்புள்ளி, மேற்கோள்குறி எல்லாம் போகட்டும் என்று. யூனிகோடின் வகைப்பாட்டில் 'க' எழுத்து, 'ள' எழுத்து. ஆனால் ஏகாரக் குறியும் புள்ளியும் அங்கே எழுத்து வகையில் இல்லை, 'மார்க்' என்ற தனி வகையில் இருக்கின்றன. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது. அந்த வரியில் எழுத்து, எண் என்ற இரண்டோடு மார்க் வகையையும் சேர்த்துவிட்டால் போதும்.

சோலரின் அனாலிசிஸ் திரையில் 'கேள்வி' என்று கொடுத்து ஒவ்வொரு படியாகப் பாருங்கள். எந்தப் படியில் அது 'களவ' ஆகிறதோ அதுதான் குற்றவாளி. உங்களுடையது எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சர்வர் என்றால் அனலைஸ் என்ற வசதி இதே வேலையைச் செய்யும். அங்கே எல்லாப் படியிலும் சொல் முழுசாக வந்தால், சர்வருக்கு முன்னால் இருக்கும் உங்கள் நிரலைச் சந்தேகப்படுங்கள். பைத்தானில் சொற்களைப் பிரிப்பதற்கு எல்லாரும் எழுதும் அந்த 'டபிள்யூ' (\w) வடிவமும் உயிர்க்குறிகளை எழுத்தாக மதிப்பதில்லை. 'தமிழ்' அதன் கையில் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகிவிடும்.

திருத்திய பின் முழுவதையும் மறுபடி இன்டெக்ஸ் செய்ய வேண்டும். பாதியில் விட்டால் பழைய பதிவுகள் உரித்த சொற்களோடும், புதியவை முழுச் சொற்களோடும் இருந்து இன்னும் குழப்பும்.

ஒரு பழைய தரவுத் தொகுப்பு கிடைத்தது. எல்லாம் வட்டத்துக்குள் ஆர் மயமாக இருந்தது. இணையத்தில் பார்த்த வழிப்படி விண்டோஸ்-1252 என்ற பழைய குறியாக்கம் என்று வைத்துத் திருப்பிப் பொதிந்து யூடிஎஃப்-8ஆகப் படித்தேன். பெரும்பாலும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் புள்ளிகளைக் காணவில்லை, 'ஐந்து' வரவே மாட்டேன் என்கிறது. ஏன் சில எழுத்துக்கு மட்டும்?

விண்டோஸ்-1252இல் 5 எண்களுக்கு உருவமே ஒதுக்கவில்லை: 129, 141, 143, 144, 157. தமிழ் எழுத்துகளின் மூன்றாவது பைட் இவற்றில் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். உகரக் குறி 224, 175, 129. புள்ளி 224, 175, 141. ஏ என்பது 224, 174, 143. ஐ என்பது 224, 174, 144. தமிழில் அடிக்கடி வரும் இரண்டு குறிகள் அந்த ஓட்டையில் போய் விழுந்திருக்கின்றன. 'ஐந்து' என்ற சொல்லில் 5 குறியீடுகள், அதில் ஐ, புள்ளி, உகரம் என்று மூன்று போய்விட்டன. 'ஏடு' என்றால் மூன்றில் இரண்டு.

இது எப்போதும் நடப்பதில்லை. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் தன் லத்தீன்-1இல் அந்த 5 எண்களுக்கும் இடம் கொடுத்து வைத்திருப்பதால், அதற்குள்ளேயே நடந்த உடைசலை முழுதாகத் திருப்பிவிடலாம். ஜாவா வழியாகப் போனால் அந்தப் பைட் இருந்த இடத்தில் "தெரியாத எழுத்து" என்ற மாற்றுக்குறி உட்கார்ந்துவிடும். உங்களுடையது இப்படிப்பட்ட ஒன்று. தொகுப்பைக் கொடுத்தவரிடம் இன்னும் முந்தைய பிரதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மனுக் கொடுப்பதுபோல் திரும்பத் திரும்பக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

இல்லவே இல்லை என்றாலும் கைவிடாதீர்கள். அந்த எழுத்தின் மூன்றாவது பைட்தான் போயிருக்கிறது, முதல் இரண்டும் உடைந்த கோப்பில் அப்படியே இருக்கின்றன. 224, 174 என்று வந்து மூன்றாவது இல்லையென்றால் அது ஏ அல்லது ஐ. 224, 175 என்று வந்து மூன்றாவது இல்லையென்றால், அரிதான ஓம் குறியை (ௐ) விட்டுவிட்டால், அது உகரம் அல்லது புள்ளி. இரண்டில் ஒன்று என்பது பெரிய உதவி. அதற்குமேல் தமிழ் இலக்கணமே வழிகாட்டும்: க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. ஆகவே சொல்லின் இறுதியில் வல்லினத்தோடு வரும் ஓட்டை, 'தமிழ்ச் சொல்' போல அடுத்த சொல்லின் முதல் வல்லினம் மிகுந்த இடமாக இல்லாவிட்டால், உகரம்தான். 'ஐந்து'வின் கடைசி அப்படித் தீர்ந்துவிடும். நடுவில் ஒரே மெய் இரட்டித்து வந்தால் முன்னது பெரும்பாலும் புள்ளி. 'டிக்கெட்', 'பேங்க்' போன்ற பிறமொழிச் சொற்கள் இந்த விதிக்கு அடங்காது, அவற்றைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியை ஒரு சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, எஞ்சுவதை ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மெனக்கெடும் வேலைதான், ஆனால் அந்தத் தொகுப்பு வேறெங்கும் இல்லையென்றால் மெனக்கெடலாம்.

நீங்கள் திருத்திய பிரதியில் அந்த இரண்டு பைட்டுகளும்கூடத் தொலைந்திருக்கும். வேலையை உடைந்த மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள்.

'ஸ்ரீ' என்று தேடினால் பாதிப் பதிவுகள்தான் வருகின்றன. வராத பதிவிலிருந்து காப்பி செய்து தேடினால் மறு பாதி வருகிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. 'பௌர்ணமி'யிலும் இதே கதை.

இரண்டும் வெவ்வேறு காரணம். ஸ்ரீயைச் சிலர் 'ஸ்' என்பதோடு 'ரீ' சேர்த்து எழுதுகிறார்கள். 2005இல் யூனிகோடு 4.1இல் 'ஶ' என்ற எழுத்து வந்த பிறகு, 'ஶ்' என்பதோடு 'ரீ' சேர்த்தும் எழுதுகிறார்கள். எழுத்துரு இரண்டையும் ஒரே உருவமாக வரைகிறது. 'பௌர்ணமி'யில் வேறு: சரியான ஔகாரக் குறி ஒரே குறியீடு. ஆனால் பலர் ஒற்றைக்கொம்பு போட்டுவிட்டுப் பக்கத்தில் 'ள'வைத் தட்டிவிடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், சர்வருக்கு அது 'பெளர்ணமி'.

ஐசியூ நார்மலைசரைப் போட்டால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது நல்ல கருவி, கட்டாயம் போடுங்கள். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுதிய 'கொ'வையும், ஒரே குறியாக எழுதிய 'கொ'வையும் அது ஒன்றாக்கும். அதன் இயல்பான அமைப்பில், சொல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் இணைப்பிகளையும் அகற்றும். ஆனால் மேலே சொன்ன இரண்டையும் அது தொடாது, யூனிகோடின் பார்வையில் அவை உண்மையிலேயே வேறு வேறு எழுத்துகள். அவற்றுக்கு, ஒன்றை இன்னொன்றாக மாற்றிவைக்கும் மேப்பிங் ஃபில்டரில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்ரீக்கு ஒரு வரி போதும். 'ள' விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள்: 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாம் பாழாகிவிடும். 'பெளர்ணமி', 'கெளரவம்', 'மெளனம்' என்று சொல் சொல்லாகப் பட்டியல் போடுங்கள். ஔகாரச் சொற்கள் குறைவுதான், ஒரு மாலையில் முடிந்துவிடும். ஏற்றும் பக்கம், தேடும் பக்கம் இரண்டிலும் அதே ஃபில்டர் இருக்க வேண்டும்.

சிஎஸ்வி கோப்பு ஏற்றும்போது முதல் பத்தி மட்டும் "அப்படி ஒரு புலம் இல்லை" என்கிறது. பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் இருக்கிறது.

கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்று மூன்று பைட்டுகள் இருக்கும், விரிதாள் மென்பொருள் யூடிஎஃப்-8ஆகச் சேமிக்கும்போது போட்ட அடையாளம். முதல் பத்தியின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டது. லினக்ஸில் ஓடி என்ற கட்டளையால் முதல் சில பைட்டுகளைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த மூன்றையும் வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சர்வரில் என்ன என்கோடிங் என்று கொடுத்தால் தமிழாகத் தேடலாம்?

எதைக் கொடுத்தாலும் தேட முடியாது. அந்தக் கோப்புகளுக்குள் தமிழே இல்லை, இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு மட்டும்தான். ஏற்றுவதற்கு முன்பே மாற்றி நிரல் ஒன்றால் யூனிகோடு ஆக்கிவிட வேண்டும். டிஸ்கி என்றால் அது முறையான குறியாக்கம், லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கே தெரியும். பாமினி அதற்குத் தெரியாது. மாற்றும்போது, கோப்பில் எந்தெந்தப் பகுதி பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்பதை எழுத்துருத் தகவலை வைத்துப் பிரியுங்கள். அந்தத் தகவல் இல்லாத வெறும் உரைக் கோப்பு என்றால், ஆங்கில மேற்கோள்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழாக மாறி வரும். முதலில் 20 கோப்புகளை மட்டும் மாற்றி, மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள். அப்புறம் மீதியை ஓட்டலாம். மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.